பழைய மிதிவண்டியும் பழைய கணிப்பொறியும்

வீட்டிற்கு வீடு ஒரு மூலை உண்டு. பயன் தீர்ந்த பின்னும் எறிவதற்கு மனம் வராத பண்டங்கள் அங்கே சென்று சேரும். கால் ஒடிந்த நாற்காலி, அடி ஓட்டையான அண்டா, ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்த வானொலிப் பெட்டி ஆகியவை நெடுங்காலமாக அம்மூலையின் குடிகள். அண்மைக் காலத்தில் மேலும் இருவர் அங்கே குடியேறியிருக்கின்றனர். ஒன்று மிதிவண்டி, மற்றொன்று கணிப்பொறி. பிள்ளை வளர்ந்துவிட்டான், வண்டி வளரவில்லை. ஆகவே அது மூலைக்குப் போயிற்று. கணிப்பொறியோ வாங்கிய நாளில் ஓடிய வேகத்திலேயே இன்றும் ஓடக்கூடியது; ஆயினும் அதன்மேல் ஏற்றப்படும் சுமை ஆண்டுதோறும் பெருகியமையால், ‘மெதுவாகிவிட்டது’ என்னும் பழி அதன் தலையில் விழுந்தது. அதுவும் மூலைக்குப் போயிற்று.

இவ்விரு பண்டங்களையும் கேட்டு வாங்கிச் செப்பனிட்டு, அச்செப்பனிடும் தொழிலையே ஒரு பள்ளிக்கூடமாக ஆக்கி, இளைஞர்க்கும் சிறுவர் சிறுமியர்க்கும் இலவசமாகக் கற்பிக்கும் பொதுநல அமைப்புகள் சில அமெரிக்க நாட்டில் இருக்கின்றன. அவற்றைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன். எல்லாவற்றையும் பற்றிப் பேச நேரம் போதாது. செயின்ட் லூயிஸ் என்னும் நகரில் உள்ள ஓர் அமைப்பை நடுவாக வைத்துக்கொண்டு பேசுவேன்.

அந்நகரைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டாலன்றி இப்பணியின் பொருள் விளங்காது. மிசிசிப்பிப் பேராற்றின் மேற்குக் கரையில், மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது செயின்ட் லூயிஸ். 1904-ஆம் ஆண்டில் உலகப் பொருட்காட்சியையும் ஒலிம்பிக் விளையாட்டுகளையும் ஒருங்கே நடத்திய பெருமை அதற்கு உண்டு. 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வாழ்ந்தோர் 8,56,796 பேர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 3,01,578. எழுபது ஆண்டுகளில் மூவரில் இருவர் போய்விட்டனர் என்று ஏறத்தாழச் சொல்லலாம். போரினாலன்று, பஞ்சத்தினாலுமன்று. அகன்ற சாலைகள் வந்தன; கார்கள் பெருகின; வசதி படைத்த வெள்ளையர் புறநகர்களுக்குக் குடி பெயர்ந்தனர்; ஆலைகளும் கடைகளும் அவர்கள் பின்னே சென்றன. போக முடியாதவர்களும், போக விடப்படாதவர்களான கறுப்பின மக்களும் பின்தங்கினர். ஏழைகள் குடியிருப்பதற்கென்று அரசு 1950-களில் 33 அடுக்குமாடிக் கட்டடங்களைக் கட்டிற்று. புரூயிட் ஐகோ என்பது அதன் பெயர். கட்டிய இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே, 1972-ஆம் ஆண்டில், அவற்றை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். இன்றும் டெல்மார் என்னும் தெரு அந்நகரை இரண்டாகப் பிரிக்கிறது. தெருவுக்கு வடக்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள். தெற்கே பெரும்பாலும் வெள்ளையர். ஒரு தெருவைக் கடப்பது எளிது. அதனைக் கடந்து மறுபுறத்தில் ஒரு வேலையைத் தேடிக்கொள்வது எளிதன்று.

அத்தகைய நகரில், சூலார்டு என்னும் பழைய பேட்டையில், செங்கல் வீடுகளும் பழஞ்சந்தையும் உள்ள இடத்தில் நடைபெறுகிறது நான் குறிப்பிட்ட அமைப்பு. 1988-ஆம் ஆண்டில் ‘செயின்ட் லூயிஸ் பைசிக்கிள் ஒர்க்ஸ்’ என்ற பெயரில் அது தோன்றிற்று. முதலில் மிதிவண்டி மட்டுமே. பிற்பாடு கணிப்பொறியையும், அதன்பின் சிறுவர்கள் தாமே கதை எழுதிப் படம் வரைந்து நூலாக்கும் வகுப்பையும் சேர்த்துக்கொண்டது. பெயரும் ‘பீ ஒர்க்ஸ்’ எனச் சுருங்கிற்று. வகுப்புக்குக் கட்டணம் இல்லை. சில வாரங்கள் ஒழுங்காக வந்து பயிற்சியை முடிக்கும் சிறுவன் அல்லது சிறுமிக்கு ஒரு மிதிவண்டியும், தலைக்கவசமும், விளக்கும், பூட்டும் சொந்தமாகின்றன. கணிப்பொறி வகுப்பை முடித்தவர்க்கு ஒரு கணிப்பொறி சொந்தமாகிறது. கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் ‘உழைத்து ஈட்டிய வண்டி’ எனலாம். செயின்ட் லூயிஸ் நகரத்தார் மட்டும் இதனைக் கண்டவர்கள் அல்லர். பாஸ்டன் நகரில் ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ என்றோர் அமைப்பு இருக்கிறது. ‘வெடிகுண்டு வேண்டா, மிதிவண்டி போதும்’ என்பதே அப்பெயரின் கருத்து. 1984-ஆம் ஆண்டில், நிக்கராகுவா நாட்டின் உள்நாட்டுப் போரில் தம் அரசு ஒரு பக்கத்தாருக்குப் படைக்கலம் உதவுவதைக் கண்டு மனம் பொறாத இருவர் அதனைத் தொடங்கினர். ஒருவர் மிதிவண்டி மெக்கானிக்கான கார்ல் கர்ட்ஸ். மற்றவர் போக்குவரத்துத் துறை வல்லுநரான மைக்கேல் ரெப்லோகிள். அவர்கள் பழைய வண்டிகளைத் திரட்டி அந்நாட்டிற்குக் கப்பலேற்றினர். கடல் கடந்த நாட்டிற்கு வண்டி அனுப்பியவர்கள், தம் தெருவிலேயே வண்டியில்லாத பிள்ளைகள் இருப்பதை எண்ணி, 1990-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரச் சிறுவர்க்கும் வகுப்புத் தொடங்கினர். கணிப்பொறிக்கு இதே வழியை வகுத்தது ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய ‘பிரீ கீக்’ என்னும் அமைப்பு. ஐந்து கணிப்பொறிகளைப் பிறர்க்காகச் சேர்த்து இணைத்துக் கொடுத்தால், ஆறாவதைத் தொண்டர் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம் என்பது அங்கு நடந்த ஏற்பாடு.

சரி, பழைய மிதிவண்டியில் கற்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பலவும் உண்டு என்பதே விடை.

முதலாவது, மிதிவண்டி எதையும் ஒளிப்பதில்லை. அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்கு முன்னே நிற்கின்றன. மிதித்தால் சங்கிலி இழுக்கப்படுவதும், சங்கிலி பின்சக்கரத்துப் பற்களைத் திருப்புவதும், கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுபட்டுப் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வுவதும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். காரணமும் காரியமும் ஒரு முழ நீளத்திற்குள் அடங்கிவிடுகின்றன. இத்தனை வெளிப்படையான ஆசிரியர் வேறு எங்கே கிடைப்பார்?

இரண்டாவது, அதன் வடிவம் மாறாதது. 1885-ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் ‘ரோவர்’ என்ற வண்டியை அமைத்தார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சக்கரத்திற்குச் சங்கிலி, நடுவே மிதி. மூன்றாண்டுகள் கழித்து 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். அன்றிலிருந்து இன்று வரை எத்தனையோ நுட்பங்கள் சேர்ந்திருப்பினும் அடிப்படை அதுவே. ஆகையால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்த வண்டியை இன்றைய பிள்ளை செப்பனிடலாம். இன்று அவன் கற்கும் கைத்திறன் அவன் முதுமையிலும் செல்லுபடியாகும். வேறு எந்த இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு துணிந்து சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய பட்டறைகளில் பாடம் பெரும்பாலும் பஞ்சரிலிருந்து தொடங்கும். டயரை நெம்பிக் கழற்றி, உள்ளிருக்கும் டியூபை உருவி, காற்றடித்து, நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் காண வேண்டும். நம் ஊர்த் தெருமுனைக் கடையில் நடப்பதும் இதுவே. ஆனால் குமிழியைக் கண்டவுடன் பாடம் முடிந்துவிடுவதில்லை. ஓட்டை டியூபின் வெளிப்புறத்தில் இருந்தால் முள்ளோ ஆணியோ காரணம்; உட்புறத்தில் இருந்தால் ஆரக்கம்பியின் முனை காரணம்; இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் காற்றுக் குறைவான டயர் கல்லில் மோதி நசுங்கியது காரணம். காரணத்தை நீக்காமல் ஓட்டையை மட்டும் ஒட்டினால் மறுநாளே மீண்டும் இறங்கும். நோய்நாடி நோய்முதல் நாடுவது என்பது இதுதான். அதனை மனப்பாடம் செய்வதற்கும், மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு செல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அடுத்தது சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. நம் பட்டறைகளில் வழங்கும் சொல்லே இது. நல்ல தமிழ்ச் சொல். 36 கம்பிகள் உள்ள சக்கரத்தைச் சுழலவிட்டால், வளைந்த இடம் ஒரு பக்கமாக ஆடும். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அவ்விடத்தில் இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். எவ்வளவு? காற்சுற்று. சில வேளைகளில் அதனினும் குறைவு. ஆத்திரத்தில் முழுச்சுற்றாக முறுக்கினால் அந்த இடம் நேராகி மற்றோர் இடம் கோணும். ஒரு கம்பியைத் தொட்டால் மற்றெல்லாக் கம்பிகளும் அதனை உணர்கின்றன. பொறுமை இல்லாத பிள்ளையைப் பொறுமையுள்ளவனாக்க எந்த அறநூலைக் காட்டிலும் இச்சக்கரம் வல்லது என்பது என் கருத்து. உபதேசம் செய்பவரோடு வாதாடலாம். ஆடுகிற சக்கரத்தோடு வாதாட முடியாது.

இடப்பக்கப் பெடலின் கதையையும் சொல்ல வேண்டும். உலகத்துத் திருகாணிகள் யாவும் பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். மிதிவண்டியின் இடப்பக்கப் பெடலுக்கு மட்டும் மரை மாற்றி வெட்டப்பட்டிருக்கிறது. மிதிக்க மிதிக்க அது தானே கழன்று விழாதிருக்கவே இந்த ஏற்பாடு. இது தெரியாத பிள்ளை முதன்முதலில் தன் பலம் முழுவதையும் செலுத்திக் கழற்ற முயல்கிறான்; அது மேலும் இறுகுகிறது. நல்ல ஆசிரியர் அருகில் நின்றுகொண்டு சிறிது நேரம் பேசாதிருப்பார். பலம் போதாமையால் வேலை நடக்கவில்லையா, திசை தவறியதால் நடக்கவில்லையா என்ற கேள்வி பிள்ளையின் மனத்தில் தானாக எழும் வரை காத்திருப்பார்.

கணக்கும் இங்கே வந்துவிடுகிறது. முன்பல் 44, பின்பல் 18 என்று கொள்வோம். மிதி ஒரு முறை சுழன்றால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். எனவே ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் ஓடும். பள்ளியில் விகிதம் என்றால் ஓடி ஒளியும் பிள்ளை, மேட்டில் ஏறுவதற்கு எந்தப் பல் நல்லது என்று கணக்கிடும்போது அதனை விகிதம் என்று அறியாமலே கற்றுக்கொள்கிறான். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் 1892-ஆம் ஆண்டில் மிதிவண்டிக் கடை வைத்த உடன்பிறந்தார் இருவரே 1903-ஆம் ஆண்டில் முதல் விமானத்தைப் பறக்கவிட்டனர் என்பது நேயர்கள் அறிந்ததே. ரைட் சகோதரர்களின் அவ்விமானத்தில் எஞ்சினின் ஆற்றலை விசிறிகளுக்குக் கொண்டுசென்றது சங்கிலியும் பற்சக்கரமுமே. மிதிவண்டி பழுது பார்ப்பவர் எல்லாரும் விமானம் கட்டிவிடுவர் என்று நான் சொல்ல வரவில்லை. தாழ்ந்த தொழில் என்று நாம் ஒதுக்கும் பட்டறைக்குள் எத்தகைய அறிவு குடியிருக்கக்கூடும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன். நம் பட்டறைகளில் ‘ஓவராயில்’ என்றொரு சொல் வழங்குகிறது. ‘ஓவர்ஹால்’ என்ற ஆங்கிலச் சொல்லை எண்ணெயோடு இணைத்து நம்மவர் தமதாக்கிக்கொண்டனர். வண்டி முழுவதையும் கழற்றித் துடைத்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் வைத்துப் பூட்டும் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்க்குத் தெரியும், அது எவ்வளவு நுட்பமானது என்று. சற்று இறுக்கினால் உரசும். சற்றுத் தளர்த்தினால் ஆடும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். மிதிவண்டி எதையும் ஒளிப்பதில்லை என்றேன். கணிப்பொறி எல்லாவற்றையும் ஒளிக்கிறது. பெட்டியைத் திறந்தாலும் பச்சைப் பலகையும் கறுப்புச் சில்லுகளுமே காணப்படும். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. ஆகவே முதலில் மிதிவண்டி, பின்னர்க் கணிப்பொறி என்ற வரிசையே சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் தேடும் பழக்கம் கண்ணுக்குத் தெரியும் பொருளில் ஊன்றிய பிறகே, கண்ணுக்குத் தெரியாத பொருளில் செல்லும்.

பழைய கணிப்பொறியின் நோய்கள் பலவும் எளியவை என்பதை அறியும்போது வியப்பு உண்டாகும். ஓடாமல் நிற்கும் பெட்டியிலிருந்து நினைவகப் பட்டையை உருவி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் துடைத்து மீண்டும் செருகினால் சிற்சில வேளைகளில் அது எழுந்துவிடும். சூடேறி அடிக்கடி நின்றுவிடுவதற்கு விசிறியில் அடைந்த தூசியும், சில்லின்மேல் பூசிய பசை உலர்ந்துபோனதுமே பல சமயம் காரணம். ஒவ்வொரு முறையும் தேதியை மறந்து பழைய ஆண்டையே காட்டும் கணிப்பொறிக்குப் பலகையில் உள்ள ஒரு காசளவு மின்கலம் தீர்ந்திருக்கும். அதனை மாற்றினால் போதும். சுழலும் வட்டை எடுத்துவிட்டுச் சுழலாத புதிய சேமிப்பகத்தைப் பொருத்தினால் பத்தாண்டுப் பெட்டியும் இளமை பெறும். தொடுமுன் மின்னிணைப்பை நீக்குவதும், உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிக்கொள்வதும் முதற் பாடங்கள்.

ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது நன்கொடையாக வந்த கணிப்பொறியின் நினைவுகளை அழிப்பது. முந்தைய உரிமையாளரின் கடிதங்கள், படங்கள், வங்கிக் கணக்குகள் அதில் கிடக்கும். கோப்பை நீக்குவதால் அது மறைந்துவிடாது. நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்துவிட்டால், நூல் அலமாரியிலேயே இருக்கும் அல்லவா? தேடுபவன் கண்டுபிடிப்பான். எனவே வட்டு முழுவதன் மீதும் பொருளற்ற எழுத்துகளை எழுதி, பழையதை இல்லாமற் செய்ய வேண்டும். பழுதுற்ற வட்டாயின் துளையிட்டோ நொறுக்கியோ விடவேண்டும். பிறர் வீட்டு இரகசியம் தன் கையில் இருக்கும்போது அதனைப் பாராமல் அழிப்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கப்படும் பெரும் பொறுப்பு. இப்பொறுப்பைத் தேர்வு வைத்து அளக்க இயலாது.

நினைவழிந்த கணிப்பொறியில் புதிதாக ஒன்றை எழுத வேண்டும். இவ்வமைப்புகளுள் பல ‘லினக்ஸ்’ என்ற இயக்க மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் அதன் கருவைத் தந்தார். உலகெங்கும் உள்ளோர் அதனைத் திருத்தியும் வளர்த்தும் வருகின்றனர். எவரும் விலையின்றிப் பெறலாம். விரும்பினால் அதன் உள்ளமைப்பைப் படித்தும் பார்க்கலாம். பழைய பெட்டிகளிலும் அது சுமையின்றி ஓடும். மேலும், மூடிய பெட்டிக்குள் திறந்த பொருள் ஒன்று கிடைப்பதால், மிதிவண்டியின் வெளிப்படைத் தன்மை ஓரளவு கணிப்பொறிக்கும் வந்துவிடுகிறது.

இதுவரை இப்பணியின் சிறப்பைப் பேசினேன். இனி இதன் மீது கூறப்படும் தடைகளையும் நாம் கேட்க வேண்டும். அவை அற்பமானவை அல்ல.

‘செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாளில் புதிய வண்டி வருகிறது, அதற்கு அவன் ஒரு திருகாணியையும் திருக வேண்டியதில்லை. ஏழைப் பிள்ளை மட்டும் வாரக்கணக்கில் உழைத்துத்தான் பழைய வண்டியைப் பெற வேண்டுமோ?’ என்பது முதல் தடை. இதில் உண்மை இருக்கிறது. உழைப்பின் பெருமையை ஏழைக்கு மட்டும் போதிப்பது எக்காலத்திலும் நடந்துவரும் அநீதி. ஆனால் இப்பட்டறைகளில் பிள்ளை செலுத்துவது கூலி வேலையன்று. அவன் பெறுவது இரண்டு: ஒன்று வண்டி, மற்றொன்று அவ்வண்டியை என்றும் ஓட வைக்கும் அறிவு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு முதலாவது மட்டுமே கிடைக்கிறது. நான் சொல்வேன், அவனையும் வகுப்பில் உட்கார வைக்கலாம், கெட்டுப் போய்விடமாட்டான்.

இருந்தாலும் ஓர் எல்லை வேண்டும். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் யாவும் திரைக்கு மாறியபோது, கணிப்பொறி இல்லாத பிள்ளை பள்ளியே இல்லாத பிள்ளையானான். அத்தகைய வேளையில், ‘முதலில் வகுப்பை முடி, பிறகு கணிப்பொறி தருகிறேன்’ என்று நிற்பது அறமாகாது. பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் உழவு கற்பிக்க வேண்டும். ஈட்டிப் பெறும் முறை நல்ல கல்விமுறை. அதனை உதவிக்கு ஒரு நிபந்தனையாக்கிவிடுதல் ஆகாது.

இரண்டாவது தடை பழையது என்பதைப் பற்றியது. பிறர் கழித்ததை ஏழைக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வதா என்று கேட்கின்றனர். நன்கொடையாக வரும் பொருள்கள் எல்லாம் நன்கொடை அல்ல என்பது மெய்யே. குப்பைக்குப் போக வேண்டியதைத் தொண்டு நிறுவனத்தின் வாசலில் இறக்கிவிட்டு மனநிறைவோடு திரும்புவோர் எங்கும் உண்டு. மலிவுக் கடைகளில் விற்கும் மிதிவண்டிகளுள் சில, செப்பனிடவே இடம் தராத வகையில் மெல்லிய உலோகத்தால் செய்யப்பட்டவை என்று மெக்கானிக்குகள் குறை கூறுகின்றனர். அவற்றை வாங்கும்போது மட்டுமே அவை மலிவு. அத்தகையவற்றை இவ்வமைப்புகள் உறுப்புகளுக்காகக் கழற்றிக்கொண்டு, மிஞ்சியதைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடுகின்றன. பிள்ளையின் கைக்குப் போவது பிரேக் பிடிக்கும் வண்டியாக இருத்தல் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. செப்பனிட்ட நல்ல வண்டிகள் சிலவற்றைப் பொதுமக்களுக்கு விற்று, அப்பணத்தில் வகுப்பை நடத்துவதும் உண்டு.

கழிபொருளின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் கணித்துள்ளன. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மிகுந்ததில் ஒரு பகுதி புதைகுழிக்குப் போகிறது. மற்றொரு பகுதி ஏழை நாடுகளுக்கும் நகரங்களுக்கும் வந்து சேர்கிறது. தில்லியின் சீலம்பூரில் சிறு சந்துகளில் மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பதும், பலகைகளை அமிலத்தில் இட்டு உலோகம் பிரிப்பதும் அறிந்ததே. அப்புகையைச் சுவாசிப்பவர்களுள் சிறுவர்களும் உண்டு. ஒரு நகரத்துச் சிறுவன் கணிப்பொறியைச் செப்பனிடக் கற்கிறான். மற்றொரு நகரத்துச் சிறுவன் அதே கணிப்பொறியை எரிக்கக் கற்கிறான். முன்னவன் கையில் அது மேலும் ஐந்தாண்டு உழைத்தால், பின்னவன் கைக்கு வருவது ஐந்தாண்டு தள்ளிப் போகும். தள்ளிப் போகும், அவ்வளவே, இல்லாமற் போகாது. பட்டறைத் தொண்டர்களால் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று இது. செய்யும்போதே பிரித்துப் பூட்டத்தக்கதாகச் செய்யுமாறு ஆலைகளைச் சட்டம் வற்புறுத்த வேண்டும்.

நம் நாட்டு அனுபவத்தையும் இங்கே எண்ணிப் பார்ப்பது பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டியும் கணிப்பொறியும் என்ற இணைப்பு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. மேனிலைப் பள்ளி மாணவர்க்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே வளர்ந்தது. 2011-ஆம் ஆண்டில் மடிக்கணினி வழங்கும் திட்டமும் வந்தது. எண்ணிக்கையில் அமெரிக்க அமைப்புகள் இதன் அருகிலும் வர இயலா. அங்கே ஒரு பட்டறை நூற்றுக்கணக்கில் தருகிறது. இங்கே அரசு இலட்சக்கணக்கில் தந்தது, அதுவும் புத்தம் புதியதாக. தொலைதூரக் கிராமத்துப் பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடாமல் இருக்க அந்த வண்டி செய்த உதவியைக் குறைத்துப் பேசுவோர் அவ்வூர்ச் சாலைகளில் நடந்தறியாதவர்கள். அதற்கும் முன்னர், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரவர் கற்றனர். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். இதற்கு நிகரான செய்தியை நான் அமெரிக்க ஏடுகளில் படித்ததில்லை.

ஆனால் நாம் விட்டது ஒன்று உண்டு. வண்டியைக் கொடுத்தோம், ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியைக் கொடுத்தோம், அதன் மூடியைத் திறக்கலாம் என்ற துணிவைக் கொடுக்கவில்லை. பழுதுற்றால் கடைக்குக் கொண்டுபோ என்பதோடு நிறுத்திக்கொண்டோம். கடைக்குக் கொண்டுபோகப் பணமில்லாத வீட்டில் அது மூலைக்குப் போயிற்று. பள்ளிதோறும் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு செட் ஸ்பேனர், ஒரு காற்றுப் பம்பு, ஒரு நீர்த்தொட்டி, வாரத்தில் ஒரு நாள் வந்து கற்பிக்கும் தெருமுனைக் கடைக்காரர் ஒருவர் போதும். அக்கடைக்காரரை ஆசிரியர் என்று அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் நமக்குக் கடினமான பகுதியாக இருக்கும். வாடகை மிதிவண்டிக் கடைகள் பல ஊர்களில் மறைந்துவிட்டன. அவற்றோடு அக்கைத்திறன் கொண்டவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். பெரிய ஊர்களில் பழுது பார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. இன்னும் பத்தாண்டு கழித்து இதைச் செய்யலாம் என்று இருந்தால், கற்பிக்க ஆள் இருக்கமாட்டார்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பட்டறை என்றால் ஆண்பிள்ளைகளின் இடம் என்ற எண்ணம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே சில அமைப்புகள் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி, பெண்களையே கற்பிப்போராக அமர்த்தியுள்ளன. கலந்து நடத்தும் வகுப்பில் ஸ்பேனரை ஆண்பிள்ளை எடுத்துக்கொள்ள, பெண்பிள்ளை விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பது எளிதில் நேர்ந்துவிடுகிறது என்பதனால் இந்த ஏற்பாடு. புதுக்கோட்டைப் பெண்கள் இதனைக் கேட்டால் சிரிப்பார்களோ, ஒப்புக்கொள்வார்களோ, அறியேன்.

இப்பட்டறைகளுக்கு இப்பொழுது வேலை மிகுந்திருக்கும் காலம். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ‘விண்டோஸ் 10’ என்னும் மென்பொருளுக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திற்று. விரும்புவோர்க்குச் சிறிது காலத் தவணை உண்டு. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணிப்பொறிகளை ஏற்பதில்லை. விசை பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, விசிறி ஓடுகிறது. ஆயினும் அவை தள்ளுபடியாகின்றன. அலுவலகங்களும் பள்ளிகளும் அவற்றைக் கழித்து வருகின்றன. அவற்றுள் நல்லதைப் பொறுக்கி எடுத்து, வட்டைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றி, தூசி தட்டி ஒரு பிள்ளையின் மேசையில் வைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே, அவற்றுள் எத்தனை மேசைக்கு வரும், எத்தனை மூலைக்குப் போகும் என்பது அமையும்.